மருந்தும் தடுப்பும்: ஹெய்த்தி மலையூர் புகட்டிய பாடம்



நான் பள்ளியில் பணியாற்றிய நாட்களில், எச்.ஐ.வி. நோயைப் பற்றி வகுப்பில் ஒரு கருத்தைச் சொல்லி வந்தேன். "செல்வ நாடுகளுக்கு மருந்து, ஏழை நாடுகளுக்குத் தடுப்பே போதும்" என்பேன். அறிஞர் பலரும் அன்று அவ்வாறே எண்ணினர். அது பிழை என்பதை ஒரு மலையூரின் வரலாறு எனக்கு உணர்த்தியது.

கரீபியக் கடலில் உள்ள ஹெய்த்தி நாட்டில், 1956ஆம் ஆண்டு பெலீக்ர் அணை கட்டி முடிக்கப்பட்டது. வளவயல்கள் நீரில் மூழ்கின; உழவர்கள் மேட்டு நிலத்தில் குடியேறினர். அத்தகைய வறிய ஊர்களுள் ஒன்று கான்ஜ். 1985இல் அங்கே ஒரு மருத்துவ நிலையம் தோன்றியது. அதனை வளர்த்தவருள் ஒருவர் அமெரிக்க மருத்துவர் பால் ஃபார்மர்.

1996 முதல், சில மருந்துகளைச் சேர்த்தளிக்கும் கூட்டு மருத்துவம் செல்வ நாடுகளில் எயிட்ஸ் சாவுகளைக் குறைத்தது. ஆனால் ஒருவருக்கு ஆண்டுச் செலவோ 10,000 டாலர் அளவில் இருந்தது. கடிகாரமில்லாத ஏழைகள் வேளை தவறாது மருந்துண்பரோ என்று ஐயுற்றோரும் உண்டு. கான்ஜ் நிலையம் 1998இல் செயலால் விடையளிக்கத் தொடங்கியது. ஊர் மக்களுட் சிலரைப் பயிற்றி, ஊதியமும் தந்து, நோயாளியரின் இல்லங்களுக்கு நாள்தோறும் அனுப்பியது. மருந்து பெற்றவருள் மிகப் பெரும்பாலோர் தேறினர் என்ற செய்தி 2001இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே நம் நாட்டுச் சிப்லா நிறுவனம், நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் கூட்டு மருந்தளிக்க முன்வந்தது.

2002இல் உலக நிதியத்தின் உதவியால் இம்முறை அண்மையிலிருந்த லாஸ்காவோபாஸ் ஊருக்குப் பரவியது. அங்கே எச்.ஐ.வி. மருத்துவம் காசநோய், மகளிர் நலம், பால்வினை நோய் ஆகியவற்றின் மருத்துவத்தோடு இணைக்கப்பட்டது. மருந்துண்டு என்றறிந்த மக்கள் இரத்தப் பரிசோதனைக்குத் தாமே முன்வந்தனர். பிற நோயாளிகளும் திரண்டு வந்தனர். கருவுற்ற மகளிர்க்கான கவனிப்பும் தடுப்பூசிப் பணியும் பெருகின. மருந்தே தடுப்புக்கு வாயிலாயிற்று. காலத்தே மருந்துண்பவரிடமிருந்து வாழ்க்கைத் துணைக்கு நோய் பரவுவது மிகவும் அரிதாகிறது என்பதை 2011இல் பன்னாட்டு ஆய்வொன்றும் நிறுவியது.

இத்தகைய திட்டத்தை மதிப்பிடுவது எங்ஙனம்? வருகைப் பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு, "இது நல்ல பள்ளி" என்று ஆய்வாளர் எழுதிச் சென்றால் நாம் ஒப்புவோமா? எத்தனை பேர் மருந்து பெற்றனர் என்பது முதற்கேள்வி மட்டுமே. ஓராண்டு கழிந்தும் எத்தனை பேர் தொடர்ந்து வருகின்றனர்? எத்தனை குழந்தைகள் நோயின்றிப் பிறந்தன? நிலையத்தின் பிற பணிகள் வளர்ந்தனவா, தளர்ந்தனவா? இவற்றையும் கேட்டல் வேண்டும்.

ஒன்றை மறைத்தலாகாது. லாஸ்காவோபாஸில் பணமும் பணியாளரும் மருந்தும் ஒருங்கே வந்தன. ஆதலின், இணைப்பு ஒன்றே இத்தனையும் செய்தது என்று அறுதியிட இயலாது. வெறுங்கையுடன் இணைத்தால், இருக்கும் செவிலியரின் சுமையே கூடும்.

மாணவர் விடைத்தாளில் கண்ட பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தியவன் நான். ஏழைக்குத் தடுப்பே போதும் என்று நான் கற்பித்த பிழையையும் இன்று அதே மையால் திருத்திக்கொள்கிறேன்.