மகரந்த ஒவ்வாமைக் குழந்தைகளில் கொட்டை ஒவ்வாமை அறிதல்

மகரந்த ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு இருப்பது மெய்யான கொட்டை ஒவ்வாமையா, ஒத்த புரதத்தால் எழும் குறுக்கு எதிர்வினையா எனப் பிரித்தறியும் மருத்துவ முறை. குட்மேய்ஸ் உள்ளிட்ட இலண்டன் பகுதிகளில் பிர்ச் மர மகரந்தம் ஏப்ரலை ஒட்டி மிகும். அதன் பெட் வி 1 புரதத்தை வேர்க்கடலையின் (தாவரவியலில் இது பயறினம்) அரா எச் 8, ஹேசல் கொட்டையின் கோர் ஏ 1 ஆகியவை ஒத்திருக்கும். ஆகவே தோல்குத்துச் சோதனையோ ஐஜிஇ (ஒவ்வாமை எதிர்ப்பான்) இரத்தச் சோதனையோ நேர்மறையாக இருப்பதால் மட்டும் நோய் உறுதியாகாது. ஐக்கிய இராச்சியத்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் 2011 வழிகாட்டுதல் நோய் வரலாறு கேட்பதை முதற்படியாக வைக்கிறது. வாய் அரிப்பு மட்டுமெனில் பெரும்பாலும் குறுக்கு எதிர்வினை. உடல் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் மெய் ஒவ்வாமையைச் சுட்டும். புரதவாரியான இரத்தச் சோதனையில் வேர்க்கடலையின் அரா எச் 2, ஹேசல் கொட்டையின் கோர் ஏ 9, கோர் ஏ 14 ஆகியவற்றுக்கான ஐஜிஇ மிகுந்திருப்பது மெய் ஒவ்வாமைக்கு வலுவான சான்று. ஐயம் நீடித்தால் மருத்துவமனைக் கண்காணிப்பில் அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துச் சோதிப்பர்.