சிவப்பு ஐசி

மலேசியாவின் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ‘பாட்டிக்கு இன்னும் சிவப்பு ஐசிதான்’ என்றால் விளக்கமே வேண்டாம். நிரந்தரவாசி, குடிமகள் அல்ல. ஓட்டுப் போட முடியாது. குடியுரிமைக்கு நிறம் நீலம்.

‘ஐசி’, அடையாள அட்டைக்கான ஆங்கிலச் சுருக்கம். மலாயாவில் அவசரகாலம் பிறந்த 1948இல் வந்த அட்டை அது. குடிமகனுக்கு மலாய்ச் சொல் ‘வார்காநெகாரா’. பிரித்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்த வர்க்கமும் நகரமும்தான். எல்லாம் சமஸ்கிருத வழி வந்தவை.

சிவப்பை நீலமாக்க அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு கேட்பவை: 21 வயது, கடந்த 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசிப்பு, நன்னடத்தை, போதிய மலாய் அறிவு. தோட்டத்தில் தமிழோடே காலம் தள்ளியவர்களுக்குக் கடைசியதுதான் கண்டம். அதையும் தாண்டினால்கூட, அரசு ‘வழங்கலாம்’ என்றுதான் சட்டம் சொல்கிறது.