குரு நாற்காலியில் தெரபிஸ்ட்

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு மனநல ஆலோசகரிடம் முதல் தடவை போகிறவர், "நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்தால் ஆச்சரியமில்லை. சைக்கோடைனமிக் தெரபியில் இதற்குச் சட்டென்று பதில் வராது. ஏன்னா, அந்தக் கேள்வியே ஒரு துப்பு. அப்பாவிடம் எதிர்பார்த்து ஏமாந்தது, வாத்தியாரிடம் பயந்தது எல்லாம் எதிரே இருப்பவர் மேல் வந்து இறங்கும். ஃப்ராய்டு இதை டிரான்ஸ்ஃபரன்ஸ் என்றார். அது எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதுதான் சிகிச்சை.

வியன்னாவில் பிறந்த இந்த முறையை இந்தியாவில் வேரூன்ற வைத்தவர் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ். 1922-இல் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃப்ராய்டோடு பல வருடம் கடிதப் போக்குவரத்து உண்டு. நேரில் பார்த்ததே இல்லை. ஃப்ராய்டு எழுதிவைத்த வைத்தியர் பெரும்பாலும் ஒதுங்கி உட்கார்ந்து கேட்பவர். போஸ் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது என்பது அவர் கொள்கை. அதனால், அப்பா மேல கோபமா, கொஞ்ச நேரம் நீயே அப்பாவா இருந்து பாரு என்கிற ரீதியில் நோயாளியைக் கைப்பிடித்து நடத்துவார்.

இதை இன்னும் வெளிப்படையாகப் பேசியவர் ஜஸ்வந்த் சிங் நேகி. மனநல மருத்துவர், பஞ்சாபிக் கவிஞரும்கூட. 1973-இல் வெளிவந்த கட்டுரையில், குரு-சீடன் உறவையே சிகிச்சைக்கு ஒரு மாதிரியாக வைக்கலாமா என்று கேட்டார். நம்ம ஊரில் ஒருவரைச் சார்ந்திருப்பது நோயல்ல. அதைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நிற்கும் வைத்தியர் இங்கே அந்நியமாகிவிடுவார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

நேகி சொன்னதில் உண்மை இருக்கு. மூணாவது வாரம் "சார்" போய் "அண்ணே" வந்துவிடுகிற ஊர் இது. ஆனால் குருவிடம், உங்களை ஏன் குருவாக்கினேன் என்று சீடன் சாதாரணமாகக் கேட்பதில்லை. தெரபிஸ்டிடம் அதைக் கேட்டே ஆகணும். கேட்க இடம் தராதவர் அந்த நாற்காலியைத் தன் அதிகாரத்துக்குப் பயன்படுத்துகிறார். அங்கே சிகிச்சை நின்றுபோகும், சுரண்டல்கூட நடக்கலாம்.

அதனால், முதல் நாளே பதில் கிடைக்கலைன்னு எழுந்து வந்துடாதீங்க. "நீங்க ஒண்ணுமே சொல்லலையே, எனக்குக் கோபம் வருது" என்று அவரிடமே சொல்லிப் பாருங்க. அவர் அதைக் கேட்டுக்கொண்டு, "இந்தக் கோபம் வேற யார்கிட்ட வந்திருக்கு?" என்று கேட்டால், சரியான இடத்துக்குத்தான் போயிருக்கீங்க.