வாளின் தடம்: மரமரிதலும் 'கழிவு' என்னும் கருத்தும்

மரக்குற்றியொன்றைப் பலகைகளாக அரியும்போது, வாள் செல்லும் தடத்திலுள்ள மரம் தூளாகின்றது. ஓரங்குலப் பலகைகளைக் கால் அங்குலத் தடத்துடன் அரிந்தால், அரியப்படும் மரத்தில் ஐந்திலொரு பங்கு தூளாகும். தடம் அரைக்கால் அங்குலமாயின் ஒன்பதிலொரு பங்கே தூளாகும். இக்கணக்கு எக்காலத்துக்கும் பொதுவானது. ஆயின், எச்சமுதாயம் எத்துணை அகலமான தடத்தைப் பொறுத்துக்கொண்டது என்பது வரலாற்றுக்குரிய வினா. மரவாலையின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 'கழிவு' எது என்பதை நிர்ணயிப்பதில் உற்பத்தியுறவுகளுக்குள்ள பங்கினை இங்கு நாம் நோக்குவோம்.

குழிக்கு மேலொருவரும் கீழொருவருமாக நின்று வாளிழுத்த காலத்தில் மரமரிதல் கடும் உடலுழைப்பாக இருந்தது. 1593இல் ஒல்லாந்தரான கோர்னெலிஸ் கோர்னெலிசூன் காற்றால் இயங்கும் மரவாலைக்கு உரிமம் பெற்றார். அம்ஸ்ரர்டாமின் மரமரிவோர் அதனை எதிர்த்தனர். ஆலைகள் அந்நகரின் வடக்கேயுள்ள சான் பகுதியில் பெருகி, கப்பல் கட்டுந்தொழிலுக்கு ஆதாரமாயின. இங்கிலாந்தில் எதிர்ப்பு நெடுங்காலம் நீடித்தது. இலண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் அமைந்த காற்று மரவாலையை 1768இல் மரமரிவோர் கூட்டமாகச் சென்று தகர்த்தனர். மறுவருடமே ஆலைகளை இடிப்பதை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இக்கட்டத்தில் இயந்திரம் மிச்சப்படுத்தியது மனித உழைப்பையே, மரத்தையன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வட அமெரிக்கா இதனை மேலும் தெளிவாக்குகின்றது. அங்கு காடு மலிவு, கூலி உயர்வு. பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தில் நின்ற மரத்துக்கு ஆலையதிபர் கொடுத்த விலை சொற்பமே. ஆதலின் வேகமே இலாபமாயிற்று. விரைந்து சுழலும் வட்டவாள் வளையாதிருக்க வேண்டுமாயின் அது தடிப்பாக இருத்தல் வேண்டும். கால் அங்குலத்துக்கும் மேற்பட்ட தடங்கள் அங்கு வழமையாயின. மரம் அரிதாயிருந்த ஐரோப்பிய நாடுகளின் தொழில் வல்லுநர் இவ்வீண்விரயத்தைக் கண்டு வியந்தனர். அமெரிக்க முதலாளிக்கோ அது விரயமாகவே தோன்றவில்லை.

இரு சில்லுகளின்மீது ஓடும் மெல்லிய நாடாவாளுக்கு வில்லியம் நியூபெரி 1808இலேயே உரிமம் பெற்றிருந்தார். அலகின் முனைகளை முறியாது ஒட்டும் முறை 1846இல் பிரான்சில் உருவாயிற்று. ஆயினும் அமெரிக்கப் பேராலைகள் 1880களின் பின்னரே அதனைப் பரவலாக ஏற்றன. உருக்கின் தரம் உயர்ந்தமை ஒரு காரணம். பேரேரிப் பிரதேசத்தின் பைன் காடுகள் அழிந்து மரத்தின் விலை ஏறியமை மற்றொரு காரணம். மூலப்பொருள் விலையேறும்போதே உற்பத்திக் கழிவின் பயன்பாடு முதலாளியின் கவனத்தைப் பெறுகின்றது என, 1894இல் வெளிவந்த 'மூலதனம்' மூன்றாம் பாகம் விளக்குவது இதனையே.

1970களின் தொடக்கத்தில், பெருமரங்கள் அருகிச் சிறுகுற்றிகளே ஆலைக்கு வந்த நிலையில், மடிசன் நகரிலுள்ள அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வுகூடம் முதல்வெட்டு எவ்விடத்தில் விழவேண்டும் என்பதைக் கணினியால் கணிக்கும் முறையை உருவாக்கியது. அதே குற்றியிலிருந்து கூடிய பலகை கிடைத்தது. ஆனால் மரமரிவோனின் கண்ணிலும் கையிலும் உறைந்திருந்த அறிவு, ஆலையின் உடைமையாக மாறும் வழியும் திறந்தது.

மிச்சப்படுத்தப்பட்டது யாருக்கு உரியது என்னும் வினா இங்கு எழுகின்றது. உதிர்ந்த சுள்ளிகளை ஏழைகள் பொறுக்குவதைத் திருட்டாக்க றைன் மாகாண சபை முற்பட்டபோது, 1842இல் மார்க்ஸ் அதனை எதிர்த்து எழுதினார். பொருளாதார நலன்கள் பற்றிய ஆய்வுக்குத் தம்மைத் தூண்டியவற்றுள் அவ்விவாதமும் ஒன்றெனப் பின்னாளில் அவரே குறிப்பிட்டார். விலையற்றிருந்தவரை சுள்ளி ஏழையினது. விலை பெற்றதும் அது உடைமையாளனது.

இலங்கையில் இயற்கைக் காடுகளில் மரவெட்டு 1990இல் தடைசெய்யப்பட்டது. மரத்தைச் சிக்கனமாக அரிவது நமக்கு இன்றியமையாதது. மெல்லிய வாளும் நன்கு தீட்டப்பட்ட பல்லும் வேண்டியவையே. ஆயின் மரக்காலையின் தூளும் புறப்பலகையும் பல ஏழை வீடுகளின் அடுப்புக்கு விறகாகி வந்துள்ளமையை மறத்தலாகாது. விளைவை உயர்த்தும் திட்டமெதுவும், உயர்ந்த விளைவில் தொழிலாளிக்கும் அவ்வடுப்புக்கும் உள்ள பங்கினையும் கணக்கிடுதல் வேண்டும். அதனைத் தவிர்க்கும் கணக்கு எத்துணை நுட்பமாயினும் அரைகுறையானதே.