வாயில் திறக்குமுன் வந்த வீராங்கனை

வீரம் இருந்தால் மட்டும் போதாது. அதனை நிறுவிக் காட்டுதற்கு அரங்கமும் வேண்டும். நவீன ஒலிம்பிக் விழாவிலே குத்துச்சண்டை 1904ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. ஆயின், அவ்வரங்கிலே பெண்கள் பதக்கத்துக்காகப் போட்டியிடுவதற்கு நூற்றெட்டு ஆண்டுகள் செல்லவேண்டியதாயிற்று. அக்காத்திருப்பின் இறுதிக் கட்டத்தை மேரி கோமின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

இந்தியாவின் வடகிழக்கிலுள்ள மணிப்பூரிலே, கோம் என்னும் சிறிய மலைக்குடியில், வயலில் உழைத்து வாழ்ந்த ஏழைப் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் மேரி. 1998ஆம் ஆண்டு பாங்கொக் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், மணிப்பூரைச் சேர்ந்த டிங்கோ சிங் குத்துச்சண்டையிற் பொற்பதக்கம் பெற்றார். அவ்வெற்றி அம்மாநில இளைஞர் உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்தது. மேரியும் தலைநகராகிய இம்பாலிலே பயிற்சியை மேற்கொண்டார். வீட்டாருக்கோ அதனை அறிவித்தாரல்லர். 2000ஆம் ஆண்டில் அவர் மாநிலப் போட்டியில் வென்றபோது, பத்திரிகையில் வெளிவந்த படத்தைக் கண்டே தந்தையார் உண்மையை அறிந்தார். முகத்திற் காயமுற்றால் மகளுக்கு மணம் கைகூடுமோ என அவர் அஞ்சினார். அவ்வச்சம் அவர் ஒருவருக்கே உரியதன்று. பெண்களுக்கு அரங்கை அடைத்துவைத்திருந்த உலகின் எண்ணமும் அதனின்றும் வெகுதூரம் விலகியிருக்கவில்லை.

2001ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்கிரான்டன் நகரிலே பெண்களுக்கான முதலாவது உலகக் குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. அதில் மேரி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டிலே துருக்கியிற் பொற்பதக்கம் அவருடையதாயிற்று. 2005இலும் 2006இலும் மீண்டும் வென்றார். 2007இல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். அத்துடன் ஓய்ந்துவிடாது, 2008இல் சீனாவிலும் 2010இல் பார்படோஸிலும் உலக வெற்றியை நிலைநாட்டினார். ஐந்து முறை உலகை வென்ற அவருக்கு அதுவரை ஒலிம்பிக் அரங்கிலே கால்வைக்க வாய்ப்பில்லை.

2009இல் சர்வதேச ஒலிம்பிக் குழு பெண்களின் குத்துச்சண்டைக்கு இசைவளித்தது. எனினும், திறந்த வாயில் ஒடுங்கியதாகவே இருந்தது. 2012ஆம் ஆண்டு இலண்டன் விழாவில் ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள் இருக்க, பெண்களுக்கு மூன்றே வகுக்கப்பட்டன. அவற்றுள் மிகக் குறைந்தது 51 கிலோகிராம். மேரி உலக வெற்றிகளை ஈட்டியதோ 45 முதல் 48 கிலோகிராம் வரையான பிரிவுகளிலாகும். ஆகவே, உடல் எடையைப் பெருக்கி, இயல்பிலேயே தம்மினும் பெரியோரை எதிர்க்க வேண்டியவரானார். அவ்வாறு போராடி அரையிறுதி வரை சென்று, பிரித்தானிய வீராங்கனை நிக்கொலா அடம்ஸிடம் தோற்று, வெண்கலப் பதக்கம் பெற்றார். இறுதியிலும் வென்ற அடம்ஸ், ஒலிம்பிக் குத்துச்சண்டையிற் பொற்பதக்கம் பெற்ற முதற் பெண்மணியானார்.

2018இல் புதுடில்லியிலே மேரி ஆறாம் முறையாக உலக வெற்றி பெற்றார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்குரிய எடைப் பிரிவுகள் ஆறாயின. இலண்டனில் அவர் பெற்ற வெண்கலத்தை மட்டும் கொண்டு அவரது ஆற்றலை அளத்தல் தகாது. வாயில் அடைபட்டிருந்த ஆண்டுகளையும் அதனோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.