மூலக்கூற்றமைப்பும் மருந்தின் செயலும்: ஒரு வரலாற்று ஆய்வு

ஒரு பொருளின் மூலக்கூற்றமைப்பை அறிந்தால், அஃது உயிருடலில் யாது செய்யும் என்பதை முன்னரே கூறலாம் என்னும் கருத்து 1868-இல் எடின்பரோவில் தெளிவுற எழுந்தது. கிரம் பிரௌன், பிரேசர் என்னும் இருவரும் எட்டிக்கொட்டையினின்று கிடைக்கும் ஸ்டிரிக்னினை மெதில் அயோடைடுடன் வினைப்படுத்தினர். வலிப்பை உண்டாக்கும் அந்நஞ்சு, அம்மாற்றத்திற்குப்பின் தசைகளைச் செயலறச் செய்யும் குராரேயை ஒத்து நடந்தது. செயல் அமைப்பின் சார்பே என அவர்கள் துணிந்தனர். அச்சார்பை எண்களால் எழுத அவர்களால் இயலவில்லை.

எண் பின்னர் வந்தது. மயக்கமருந்தின் வலிமை, அது நீரினும் எண்ணெயில் எத்துணை மிகுதியாகக் கரைகின்றது என்பதைப் பொறுத்தது என்று 1899-இல் மேயரும் 1901-இல் ஓவர்ட்டனும் தனித்தனியே காட்டினர். ஆயினும் அவ்விதிக்கும் எல்லை உண்டு. ஆல்ககாலின் கரிச்சங்கிலி நீள நீள எண்ணெயிற் கரையும் இயல்பு பெருகிக்கொண்டே போகும். மயக்கும் ஆற்றலோ ஒரு நீளத்திற்குப்பின் அற்றுப்போகும். விதி பிறந்த எல்லைக்கு அப்பால் அதனைச் செலுத்துவது முதற்பிழை.

1964-இல் ஹான்ஷ், புஜிட்டா ஆகியோர் கரைதிறன், மின்னியல்பு முதலிய பல அளவுகளை ஒரே சமன்பாட்டில் இணைத்தனர். கணிப்பொறியின் துணையால் இம்முறை விரைந்து பரவிற்று. பெரும்பிழையும் உடன் பரவிற்று. கையிலுள்ள சேர்மங்களோ சில. ஆராயத்தக்க அளவுகளோ பல. பொருந்துவனவற்றை வைத்துக்கொண்டு, பொருந்தாதனவற்றைச் சொல்லாமலே விட்டுவிட்டால் அழகிய சமன்பாடு எளிதிற் கிட்டும். (ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர்க்கு இவ்விடர் புதிதன்று.) 1972-இல் டாப்லிஸ், காஸ்டெல்லோ ஆகியோர் வேதியியலோடு யாதொரு தொடர்புமில்லாத தற்செயல் எண்களையே அளவுகளாக வைத்துப் பார்த்தனர். அவற்றினின்றும் உயர்ந்த பொருத்தம் கிடைத்தது! சமன்பாட்டில் நின்ற அளவுகளை மட்டுமன்றி, தேர்வுக்கு எடுத்து விலக்கிய அளவுகளையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும் என்பது இதனாற் பெறப்பட்டது. இத்துறையின் தொடக்கநூல்களுக்கு ஒப்ப இச்சிறு கட்டுரையையும் மதித்தல் தகும் என்பது நம் கருத்து. பொய்ப்பொருத்தத்தை நம்பிய வேதியியலார் பயனற்ற சேர்மங்களை ஆக்குவதிற் பல திங்கள்களை இழப்பர் அன்றோ?

ஒவ்வொரு சேர்மமாக நீக்கி, எஞ்சியவற்றைக்கொண்டு அதனை மதிப்பிடும் சோதனை இதற்கு மருந்தாகக் கருதப்பட்டது. அச்சோதனையில் உயர்ந்த மதிப்புப் பெற்ற சமன்பாடுகளும் முற்றிலும் புறத்தே வைத்த சேர்மங்களிற் பிழைத்தல் கூடும் என 2002-இல் கோல்பிராயிக், திராப்ஷா ஆகியோர் நிறுவினர்.

இவ்விடர்களை நீக்கினும் மற்றொன்று எஞ்சுகின்றது. ஒத்த அமைப்புடையன ஒத்த செயலுடையன என்பது இம்முறையின் அடிப்படை. ஆனால், சிறிய அமைப்பு மாற்றத்தாற் செயல் திடீரெனப் பன்மடங்கு மாறும் இடங்களும் உள. 2006-இல் மாகியோரா இவற்றைச் செங்குத்துப் பாறைக்கு ஒப்பிட்டு, கணிப்புகள் பொய்ப்பதற்கு இவை ஒரு காரணம் என்றார். எடின்பரோவில் ஸ்டிரிக்னினோடு சேர்ந்த ஒரு மெதில் தொகுதி, செயலின் அளவையன்றி அதன் வகையையே மாற்றியது ஈண்டு நினைக்கத்தக்கது.