ஒரு பீரங்கிப் படகும் சியாங் கை-ஷேக்கும்

சியாங் கை-ஷேக் என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாவோவிடம் தோற்றுத் தைவானுக்குப் போனவர். எனக்கு ரொம்ப நாளாகப் புரியாமல் இருந்தது, மனுஷன் முதலில் மேலே வந்தது எப்படி என்பது.

1924 ஜனவரியில் குவோமின்டாங் கட்சியின் முதல் மாநாடு நடக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மத்திய செயற்குழுவில் சியாங் பெயரே இல்லை. 1926 ஜூலையில் பார்த்தால், வடக்கு நோக்கிக் கிளம்பும் மொத்தப் படைக்கும் அவர்தான் தலைமைத் தளபதி. இரண்டரை வருஷம்! நடுவில் என்ன நடந்தது?

கொஞ்சம் பின்னால் போகணும். 1922 ஜூனில் குவாங்சோ நகரில் சென் ஜியோங்மிங் என்ற தளபதி, கட்சித் தலைவர் சுன் யாட்-சென்னுக்கு எதிராகத் திரும்பினார். சுன் தப்பித்து ஆற்றில் நின்ற யோங்ஃபெங் என்ற பீரங்கிப் படகில் ஏறினார். கூட இருந்தவர்கள் நழுவிக்கொண்டிருந்த நேரத்தில் சியாங் தேடிவந்து, ஒரு மாதத்துக்கும் மேல் அவருடனேயே இருந்தார். பிறகு அதை ஒரு புத்தகமாகவும் எழுதினார்; சுன்னே அதற்கு முன்னுரை தந்தார்.

அடி வாங்கிய சுன்னுக்கு ஒரு பாடம் புரிந்தது: இரவல் படையை நம்பக்கூடாது. சோவியத் பணத்திலும் துப்பாக்கியிலும் 1924-ல் வாம்போவா ராணுவப் பள்ளி தொடங்கியது. அதன் தலைவர் சியாங். மற்ற தலைவர்களுக்குப் பதவியும் மேடையும் இருந்தன. இவருக்கு மாணவர்கள் இருந்தார்கள். 1925-ல் அதே சென் ஜியோங்மிங்கைத் தோற்கடித்த படையின் முதுகெலும்பு அவர்கள்தான்.

1925 மார்ச்சில் சுன் இறந்தார். வாரிசுகளாகக் கருதப்பட்டவர்கள் மூன்று பேர். ஆகஸ்டில் லியாவோ சோங்காய் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையில் உறவினர் மேல் சந்தேகம் விழ, ஹூ ஹான்மின் மாஸ்கோவுக்கு அனுப்பப்பட்டார். மிச்சம் வாங் ஜிங்வே.

இப்போ அதே படகு மறுபடி வருகிறது. சுன்னின் நினைவாக அதற்கு சோங்ஷான் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். 1926 மார்ச்சில் அது திடீரென வாம்போவா பக்கம் நகர்ந்தது. உத்தரவு கொடுத்தது யார் என்று இன்றும் சண்டை ஓயவில்லை. "என்னைக் கடத்தப் பார்க்கிறார்கள்" என்பது சியாங்கின் கட்சி. மார்ச் 20 அன்று ராணுவச் சட்டம் அறிவித்தார். கடற்படைப் பொறுப்பில் இருந்த கம்யூனிஸ்ட் லி ஜிலோங்கைக் கைது செய்தார். சோவியத் ஆலோசகர்களின் குடியிருப்பைச் சுற்றி வளைத்தார். அரசாங்கத் தலைவர் வாங்கிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங் உடம்பு சரியில்லை என்று ஒதுங்கி, பிரான்சுக்கே போய்விட்டார்.

இது திட்டமிட்ட சதியா, பயத்தில் செய்ததா? என் கணிப்பு: பயம் நிஜம், ஆனால் கிடைத்த வாய்ப்பை விடவில்லை. எங்கள் தொழிலில் ஒன்று கவனித்திருக்கிறேன். யார் மேனேஜர் என்பது வேறு, சர்வர் பாஸ்வேர்டு யாரிடம் என்பது வேறு. அன்றைக்குத் துப்பாக்கி பிடித்தவர்கள் சியாங் சொன்னதைக் கேட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் ஏப்ரலில் ஷாங்காயில் கம்யூனிஸ்ட்களைக் கொன்று குவித்தபோதும் கேட்டார்கள்.

ஆனால் எல்லா மாணவரும் கடைசிவரை கேட்கவில்லை. பின்னாளில் உள்நாட்டுப் போரில் சியாங்கின் படைகளை மஞ்சூரியாவில் நொறுக்கிய லின் பியாவோ, அதே வாம்போவாவில் படித்தவர்தான்.